யார் வீட்டுச் சோறு?

மாணவர்களுக்கு அரசியல் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களில் இரண்டு வகை உண்டு. அரசியல் அசுத்தமானது, குழந்தைகளின் மனசு கெட்டுவிடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறவர்கள் ஒரு வகை. குழந்தைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் தங்கள் பிழைப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இந்த இரண்டிலும் சேராதவன் என்றுதான் வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். குருசுக்குப்பத்தில் ஒரு பெண் அந்த எண்ணத்தைத் திருத்தினாள். அவளுக்கு வயது பதினாலு.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் உலாவ வருகிறவர்கள் வடக்கே ஓர் இடம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் திரும்புகிற இடத்துக்குச் சற்று அப்பால் இருக்கிறது குருசுக்குப்பம். கோடு போட்டாற்போன்ற பிரஞ்சுத் தெருக்களும் மஞ்சள் சுவர்களும் முடிந்து, காயும் வலைகளும் மீன் கூடைகளும் ஆரம்பிக்கிற இடம். கடற்கரைக் குப்பம் என்று பெயரே தவிர, கரை என்று சொல்லிக்கொள்ள அங்கே மணல் இல்லை. கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லில் மோதிவிட்டுப் போகிறது.

அங்கே ஒரு வீட்டு மாடியில், கல்லூரியில் படிக்கும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து சாயங்கால வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் அவர்களே இருக்கிறார்கள். "பொது விஷயம் பேச ஓர் ஆள் வேண்டும், சார்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லா விஷயமும் தெரிந்திருக்கும் என்று நம்புகிற வயது அவர்களுக்கு. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தவன் நான். என்னை ஓர் ஆசிரியனாக மதித்து யாராவது அழைத்தால் அந்தச் சபலத்தை என்னால் வெல்ல முடிவதில்லை. வாரம் ஒரு நாள் போகத் தொடங்கினேன்.

அது 2024-ம் வருஷம் நவம்பர் மாதம். அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த சமயம். பிள்ளைகளின் வாயில் வேறு பேச்சே இல்லை. கையடக்கக் கருவியில் உலகமே வந்து விழுகிற காலம் அல்லவா? மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள ஒரு பெண்மணி அந்தத் தேர்தலில் நின்றதும் இன்னொரு காரணம். காரைக்காலில் மாமன் வீடு உள்ள ஒரு பையன், "அந்த ஊரு எங்க மாமா ஊருக்குக் கிட்டத்தான் சார்" என்று உறவே கொண்டாடிவிட்டான்.

நானும் உற்சாகமாகச் சொன்னேன். அங்கே ஜனங்கள் போடுகிற ஓட்டு நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்கள் இருக்கிறார்கள். 270 பேர் யார் பக்கமோ அவரே ஜனாதிபதி. ஆகவே ஜனங்களிடம் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போவதும் உண்டு. 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கியும் தோற்றார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

அந்தக் கர்வத்தில் கேட்டேன்: "அமெரிக்கா இருக்கட்டும். உங்கள் வார்டுக்கு நகரசபை உறுப்பினர் யார்? யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பார்த்தீர்களா! பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நடப்பது தெரிகிறது, பக்கத்துத் தெரு தெரியவில்லை" என்று கண்டிக்க வாயெடுத்தேன். காரைக்கால் மாமன் வீட்டுப் பையன் தயங்கிக்கொண்டே சொன்னான்: "கவுன்சிலரே கெடையாது சார். நான் பொறந்ததிலேருந்து எலெக்‌ஷனே நடக்கல."

அவன் சொன்னதுதான் வாஸ்தவம். கேள்வி கேட்ட நான்தான் அதை மறந்திருந்தேன். இந்த மறதியைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால், இது என் ஒருவனுடைய மறதி அல்ல.

ஓட்டு என்பது புதுச்சேரிக்குப் புதிது அன்று. சுற்றியிருந்த பிரிட்டிஷ் இந்தியாவில், பின்னால் ஓட்டு வந்தபோதும், சொத்தும் வரியும் உள்ளவனுக்கே அது கிடைத்தது. இங்கேயோ 1871-லிருந்தே வயது வந்த ஆண்கள் ஓட்டுப் போட்டு, பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பி வந்தார்கள். 1880-ல் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று கம்யூன்களாகப் பிரித்து நகரசபைகளும் ஏற்பட்டன. கலகத்துக்கும் கள்ள ஓட்டுக்கும் அந்தக் காலத்துத் தேர்தல்கள் பேர்போனவை என்பதும் உண்மைதான். ஆனாலும், 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும், இந்த நகரசபை உறுப்பினர்களுந்தான். 178 பேர் ஓட்டுப் போட்டார்கள்; 170 பேர் சேர்வதற்கு, 8 பேர் எதிராக. ஒரு தேசத்தின் எல்லைக்கோட்டையே மாற்றி எழுதியது கவுன்சிலர்களின் கை.

அந்தக் கைக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல், இடையில் 38 வருஷங்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷங்களுக்கு மேலாகியும் தேர்தல் இல்லை. கடற்கரையில் 'மேரி' என்று நாம் சொல்லும் பழைய நகரசபைக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அப்போது ஊரே துக்கப்பட்டது. நானும் துக்கப்பட்டேன், ஒரு கட்டுரைகூட எழுதினேன். பழைய சாயல் மாறாமல் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கட்டடம் விழுந்ததற்கு அழுத நான், அந்தக் கட்டடத்தில் உட்காருவதற்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லையே என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. விழுந்த சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. நடக்காத தேர்தல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் அன்று பிள்ளைகளிடம் சொன்னேன். சொன்ன வேகத்தில், எஞ்சியிருக்கிற ஓட்டையாவது நாம் யோக்கியமாகப் போட வேண்டும் என்று உபதேசத்தில் இறங்கிவிட்டேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு என்று சட்டம் பேசினேன். அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், போன ஏப்ரல் எலெக்‌ஷன்ல எங்கம்மா காசு வாங்கினாங்க."

மாடியில் அமைதி. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய நிலையில் அங்கே அநேகமாக யாருடைய வீடும் இல்லை என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

"மீன்பிடித் தடைக்காலம் சார் அது. அப்பா போட்டுக்குப் போகல. அம்மாவுக்கும் யாவாரம் இல்ல. மாரியம்மன் படத்துமேல கை வெக்கச் சொல்லித்தான் குடுத்தாங்க. அம்மாவுக்கு அந்த ஆளுக்குப் போடவே இஷ்டம் இல்ல. ஆனா போட்டுட்டாங்க. வாங்கிட்டு மாத்திப் போட்டா துரோகம்னு சொன்னாங்க. காசு வாங்கினது தப்புன்னா, வாங்கிட்டு ஏமாத்துறதும் தப்புதானே சார்? இதுல எது சார் பெரிய தப்பு?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். ஆசிரியர்களுக்கு உள்ள பெரிய வசதி அது.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தயாராக மூன்று பதில்கள் நம் ஊரில் உண்டு. முதலாவது, சட்டத்தின் பதில்: இரண்டும் குற்றம், விஷயம் முடிந்தது. இது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போதும். ஒரு பெண்ணின் மனசாட்சிக்குப் போதாது. இரண்டாவது, கெட்டிக்காரர்களின் பதில்: 'கொடுப்பதை வாங்கிக்கொள், மனசுக்குப் பிடித்தவனுக்குப் போடு.' மேடைதோறும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். ஆனால், பொய்ச் சத்தியம் செய்யக் கற்றுக்கொடுத்து அதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைப்பதா? சாமி படத்தின்மேல் கை வைத்துவிட்டு மாற்றிச் செய்யப் பழகிய கை நாளைக்கு வேறு எதைத்தான் மாற்றாது? மூன்றாவது, இரக்கமுள்ளவர்களின் பதில்: 'பாவம், ஏழை, அவள் என்ன செய்வாள்?' இது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இதைப் போல ஏழையை அவமதிக்கிற பேச்சு வேறு இல்லை. நல்லது கெட்டது யோசிக்கிற சக்தி பணக்காரனுக்கு மட்டுந்தான் உண்டு என்றல்லவா அதற்கு அர்த்தம்? அந்த மீன்காரத் தாய் யோசித்திருக்கிறாள். என்னைவிட அதிகமாகவே யோசித்திருக்கிறாள்.

அவள் யோசித்த வழி நமக்குப் புதிதல்ல. செஞ்சோற்றுக் கடன் என்று அதற்குப் பெயர். கர்ணன் கதையையும் கும்பகர்ணன் கதையையும் தெருக்கூத்தில் கண்டு கண்ணீர் விட்ட ஜனங்கள் நாம். அண்ணன் செய்தது அதர்மம் என்று கும்பகர்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் வளர்த்த சோற்றுக்காகப் போருக்குப் போனான். விபீஷணன் அறத்தின் பக்கம் போனான். நம் ஜனங்கள் விபீஷணனை மதிக்கிறார்கள். ஆனால் கும்பகர்ணனை நேசிக்கிறார்கள். அந்த நேசத்தில் ஒரு மேன்மை இருக்கிறது. வாங்கியதற்கு வஞ்சனை செய்யாத மேன்மை.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஓட்டுப் பெட்டியின் முன்னால் நிற்கிறபோது நம்மை யாரும் பார்ப்பதில்லை. பணம் கொடுத்தவனுக்கு, தான் வாங்கிய சரக்கு கைக்கு வந்ததா என்று தெரிந்துகொள்ளவே வழி கிடையாது. ரசீது இல்லாத வியாபாரம் இது. இந்த வியாபாரம் எதை நம்பி நடக்கிறது? ஏழையின் நாணயத்தை நம்பி நடக்கிறது! கொடுக்கிறவனிடம் நாணயம் இல்லை. அவனே அதை அறிவான். வாங்குகிறவளிடம் இருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஊரில் ஏழைகள் எல்லாரும் ஒரே நாளில் அயோக்கியர்களாகிவிட்டால், ஓட்டுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் மறுநாளே ஒழிந்துவிடும். அவர்களுடைய ஒழுக்கத்தை முதலாக வைத்து மற்றவர்கள் நடத்துகிற கடை இது.

அப்படியானால் அந்தத் தாய்க்கு என்ன சொல்வது? நாணயத்தை விட்டுவிடு என்றா?

அடுத்த வாரம் நான் இப்படித் தொடங்கினேன்: "கர்ணன் கடனைத் தீர்த்தான். எதைக் கொடுத்துத் தீர்த்தான்? தன் உயிரைக் கொடுத்து. அது அவனுடையது. பக்கத்து வீட்டுக்காரன் நம்பி ஒப்படைத்த பொருளை எடுத்துக் கொடுத்துக் கடனைத் தீர்த்திருந்தால் அவனைக் கொண்டாடுவோமா? ஓட்டு நம் கையில் இருக்கிறது. ஆனால் நம்முடைய பொருள் மட்டுந்தானா அது?"

பிள்ளைகள் விழித்தார்கள். உவமை எனக்குப் பிடித்திருந்தது, அவர்களுக்குப் பிடிபடவில்லை. "என் ஓட்டு என்னுதுதானே சார்? எம் பேருதானே இருக்கும்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், அதுவரை ஒரு நாளும் பேசாதவன், பேசினான்.

"மணலு மாதிரியா சார்?"

அவன் சொன்னதை நான் விரித்துச் சொல்கிறேன். இந்தக் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓர் ஊரின் கரையை விட்டுப் போகிற மணலுக்கு ஈடாகத் தெற்கேயிருந்து புது மணல் வந்து சேரும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை நீட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. போகிற மணல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. புதுச்சேரியின் கரை போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று வரிசையாகக் கரை தேய்ந்தது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அதற்கும் வடக்கே இருந்த குப்பங்களின் கரை தேயத் தொடங்கியது. பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் தடுப்பு அமைத்து, தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தார்கள். கட்டுமரம் ஏற்றி வைக்க இடமில்லாமற் போன கதையை இந்தப் பிள்ளைகள் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர்கள்.

"அங்க தேக்கினா இங்க பள்ளம் சார். இங்க கல்லு போட்டா அடுத்த குப்பத்துல பள்ளம். ஒரு வீட்டுல ஓட்டு வித்தா அடுத்த வீட்டுலதான் அரிக்கும்."

ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டி நான் தேடியதை அவன் காலடியிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டான். என் ஓட்டு என் பேரில் இருக்கிறது. அதன் பலன் என் பேரில் மட்டும் இல்லை. எனக்குக் கிடைத்த ஐநூறு ரூபாய் என் வீட்டு உலையில் வேகும். அதற்காக நான் விட்டுக்கொடுத்த நியாயம் வேறு யார் வீட்டு வாசலிலோ பள்ளமாகும். பிறர் பங்கும் கலந்த பொருளைக் கொண்டு என் சொந்தக் கடனைத் தீர்க்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே அந்தச் சத்தியம், செய்கிறபோதே செல்லாத சத்தியம். இல்லாத நிலத்தை எழுதிக் கொடுத்த பத்திரம் மாதிரி. அதை மீறுவதில் துரோகம் இல்லை; அதைக் கேட்டு வாங்கியதில்தான் துரோகம் இருக்கிறது.

இதை நான் தெளிவாகவே சொன்னேன். சரியான பதில் என்றுதான் இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் தெளியவில்லை. அவள் கேட்டாள்:

"சார், நீங்க யார்கிட்டயாவது ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

குறும்புக்காகக் கேட்ட கேள்வி அல்ல. தன் தாயை ஊரறியத் தாழ்த்திக்கொண்டவளுக்கு அதைக் கேட்கும் பாத்தியதை உண்டு. 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஓட்டுக்காக நான் பணம் வாங்கியதே இல்லை; யாரும் எனக்குக் கொடுக்க வந்ததும் இல்லை. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சொன்னேன்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் என் தங்கை வெகு தூரத்தில் ஓர் ஊரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை, புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. மாற்றலுக்கு நடையாய் நடந்து ஓய்ந்து போனாள். அரசியல் பிரமுகர் ஒருவர் என் கதைகளைப் படிக்கிறவர். ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். பத்தே நாளில் மாற்றல் வந்தது. பிரதியாக அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாமி படத்தை நீட்டவும் இல்லை. மறு வருஷம், ஓர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த சில குடும்பங்களை ஒரே இரவில் காலி செய்ததை நேரில் பார்த்தேன். சட்டி பானைகள் தெருவில் கிடந்தன. பொழுது விடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதினால் அந்தப் பிரமுகரின் பெயர் அதில் வரவேண்டியிருந்தது. பேனாவை மூடினேன். 'நான் கதைக்காரன்; இது பத்திரிகை நிருபரின் வேலை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

ஐநூறு ரூபாய்க்கு ஒரு தாய் ஓர் ஓட்டைக் கொடுத்தாள். நான் ஒரு கடிதத்துக்கு என் பேனாவைக் கொடுத்தேன். அவள் பசிக்காகச் செய்தாள். நான் சௌகரியத்துக்காகச் செய்தேன். படித்தவர்கள் வாங்குகிற காசுக்கு நாம் லஞ்சம் என்று பெயர் வைப்பதில்லை. செல்வாக்கு, சிநேகிதம், மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண் என்னைக் கண்டிக்கவில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான்: "அந்தக் குடும்பங்கள்லாம் இப்ப எங்க சார் இருக்காங்க?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கு வகுப்பு அத்துடன் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாயைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட அவள் என்னை நிறுத்தினாள் என்பது சரி. பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் முடித்துக் காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் சார், நான் செஞ்சது தப்புன்னு எம் பொண்ணுகிட்டச் சொன்னீங்களாமே?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையமர்த்தினாள்.

"தப்புத்தான். நான் இல்லேன்னு சொல்லல. நீங்க இந்த ஊர்ல எத்தினி வருசமா இருக்கீங்க?"

"இருபது வருஷமா இருக்கேம்மா."

"எங்க தெருவுக்கு இந்த வருசந்தானே வந்தீங்க? காசு குடுக்குறவன் அஞ்சு வருசத்துக்கு ஒருக்காவாச்சும் வாரான்."

கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னாள்: "பொண்ணுகிட்டப் பேசுங்க, வேணாங்கல. எங்களப் பத்தி மட்டும் பேசாதீங்க. உங்க தெருவப் பத்தியும் பேசுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது, அமெரிக்காவைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது 538-ம் 270-ம் அல்ல என்று தோன்றியது. சொல்லத் தகுந்த வேறொரு கதை அங்கே இருக்கிறது. பிறகு ஒரு நாள் சொன்னேன்.

தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு தீவு. 1950-களில் அங்கே கறுப்பு ஜனங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு என்பார்கள். படிக்க வழியில்லாமல் வைத்திருந்தவர்களே படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஈஸா ஜென்கின்ஸ் என்பவர் தீவு ஜனங்களை வேலைக்கு அழைத்துப் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அந்தப் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1957-ல் ஒரு கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கினார்கள். முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன். தொழிலால் முடி அலங்காரம் செய்கிறவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். முதல் நாள் பாடத்திட்டம் எதையும் அவர் விரிக்கவில்லை. உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். சிலருக்குத் தங்கள் பெயரை எழுத வேண்டும். சிலருக்குப் பைபிள் படிக்க வேண்டும். சிலருக்கு மணியார்டர் பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். அங்கேயிருந்துதான் ஓட்டுக்குப் போனார்கள். அந்த வகுப்புகளுக்குப் பின்னால் நின்ற செப்டிமா கிளார்க் நாற்பது வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கறுப்பர்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956-ல் அவருடைய வேலை போயிற்று. அத்தகைய வகுப்புகள் தெற்கு மாநிலங்கள் முழுவதும் பரவின. 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம் அந்தப் படிப்புப் பரீட்சையை நிறுத்திவைத்தது.

செப்டிமா கிளார்க் வேலையைக் கொடுத்துக் கற்பித்தார். நான் ஒரு கடிதத்துக்குக் கடன்பட்டு, அதை மறைத்துக்கொண்டு கற்பிக்கப் போயிருந்தேன். அரசியலை மாணவர்களுக்குக் கற்பிக்கலாமா என்பது வீண் கேள்வி. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அது தன்னைத்தானே கற்பித்துக்கொள்கிறது. தாயின் கையில் திணிக்கும் காசோடு கற்பிக்கிறது. நான் கேட்டுக்கொள்ள வேண்டியது, கற்பிக்க எனக்கு என்ன யோக்கியதை என்பதுதான். அதற்கு அப்பழுக்கற்றவனாக இருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அப்படியானால் உலகத்தில் ஒரு பள்ளிக்கூடமும் நடக்காது. தன் கணக்கையும் பலகையில் எழுதிக் காட்ட அவன் தயாராக இருந்தால் போதும். மற்றவர் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதிக் காட்டுகிறவன் போதிப்பது வெறும் அதிகாரம்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று குருசுக்குப்பத்துப் பிள்ளைகளைக் கேட்டேன். கடலுக்குப் போகிற சந்தில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை, விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் கல்லில் இடறுகிறார்கள் என்றார்கள். அதற்கு ஒரு மனு எழுதினோம். எழுத நாலு நாள் ஆயிற்று. யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. நகராட்சி ஆணையருக்கு எழுதி, அடியில், 'நகல்: எங்கள் வார்டு உறுப்பினர்' என்று போட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டார்கள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. இன்னொன்று எரியவில்லை. எரிந்த அன்று அந்தப் பெண்தான் கேட்டாள்: "வெளக்குப் போட்டுட்டாங்களே சார், இதுக்கு நாம கடன்பட்டிருக்கமா?"

நான் பதில் சொல்லவில்லை. காரைக்கால் மாமன் வீட்டுப் பையன் சொன்னான்: "எதுக்கு? உங்கம்மா வாங்குற சோப்புலயே வரி இருக்குது. அது நம்ம காசு."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப ஏப்ரல்ல குடுத்தது?" என்றாள். அதற்கு அவர்களுக்குள் வெகு நேரம் வாதம் நடந்தது. யார் வீட்டுச் சோறு என்று தெரியாமல் செஞ்சோற்றுக் கடன் பேச முடியாது என்கிற இடத்துக்கு அவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்தலில் அந்தத் தாய் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை. அது அவள் பாடு. என் பாடு ஒன்று பாக்கி இருக்கிறது. ஏரிக்கரைக் குடும்பங்களைத் தேட ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை இரண்டு குடும்பங்கள் இருக்குமிடம் தெரிந்திருக்கிறது. ஒரு கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அன்னிக்கு ராத்திரி நோட்டுப் புஸ்தகத்தோட நின்னவரு நீங்கதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னாள்.